தராசின் முகம் யார் பக்கம்?

தேயிலைத் தோட்டமொன்றின் அமைப்பை நின்று நிதானித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விடயம் புலப்படும். துரையின் பங்களா மேட்டில் இருக்கும். அதன் முற்றத்தில் நின்றால் ஸ்டோர் தெரியும், பிரட்டுக்களம் தெரியும், லயங்கள் தெரியும், மலைகள் தெரியும். (தேயிலை நட்ட ஒவ்வொரு பிரிவையும் தோட்டத்து வழக்கில் 'மலை' என்றே சொல்வர்.) லயத்து வாசலில் நின்று மேலே பார்ப்பவருக்கோ பங்களாவின் கூரையும் அதைச் சுற்றிய மரங்களும் மாத்திரமே தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட காலந்தொட்டு, காண்பவர் மேலேயும் காணப்படுபவர் கீழேயும் இருக்கும் விதமாகவே மலைநாட்டின் நிலம் வடிவமைக்கப்பட்டு வந்துள்ளது. இது தற்செயலான ஏற்பாடு என்று கொள்வதற்கில்லை.

இன்று பங்களாவையும் விட உயரத்தில் ஒரு கண் வந்து நிற்கிறது. ட்ரோன் என்று நாம் அழைக்கும் ஆளில்லா விமானத்தையும், அது எடுத்து வரும் படங்களைப் படித்துப் பொருள் சொல்லும் செயற்கை நுண்ணறிவையும் பற்றியே சொல்கிறேன். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்து மலைகளில் இவற்றைப் பற்றிய பேச்சும் பரீட்சார்த்த முயற்சிகளும் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன. நிலைபேறான விவசாயத்துக்கு இவையே வழி என்று கருத்தரங்குகளில் சொல்லப்படுகிறது. அக்கூற்றை ஒரேயடியாக மறுப்பதும் ஒரேயடியாக ஏற்பதும் எளிது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு சரிவைப் பற்றிய அறிவு யாருக்குச் சொந்தம்? அதை வாங்கக் காசு கொடுத்தவருக்கா, அந்தச் சரிவில் வாழ்பவருக்கா?

முதலில் இக்கருவி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இலை வாடும்போதும் நோயுறும்போதும் இந்த விகிதம் மாறுகிறது. சில வேளைகளில் நிறம் மாறி நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னரே அது மாறிவிடும். ட்ரோனில் பொருத்திய கெமரா இரண்டு ஒளிகளையும் தனித்தனியே பதிவு செய்கிறது. கணினி அவற்றைக் கழித்து வகுத்து, எந்த மலையில் எந்த நிரையில் செடி நலிந்திருக்கிறது என்று வண்ணம் தீட்டிய படமாகத் தருகிறது. பல கோணங்களில் எடுத்த படங்களை ஒன்றிணைத்தால் நிலத்தின் ஏற்ற இறக்கமும் கிடைத்துவிடும். மழைநீர் எவ்வழியே இறங்கும், எந்த இடத்தில் மண் அரிக்கப்படும், கான்களை எங்கே வெட்டலாம் என்பதையெல்லாம் அதிலிருந்து கணிக்கலாம். நிலவடிவமைப்பு என்று இன்று சொல்லப்படுவதன் சாரம் இதுதான்.

இதன் நன்மையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆண் தொழிலாளர்கள் மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வழுக்கும் சரிவில் ஏறி இறங்குவதை நான் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். பலரது கைகளில் கையுறை இருக்காது. முகத்தில் ஒரு துணிதான் கட்டியிருக்கும். ஜப்பானியர் ஆளில்லாச் சிறிய ஹெலிகொப்டர்களை 1987இலேயே நெல்வயலுக்கு மருந்தடிக்க உருவாக்கிவிட்டனர். அந்த முதுகுச் சுமையை ஒரு இயந்திரம் வாங்கிக்கொள்ளுமாயின் வரவேற்க வேண்டியதுதான். பசளையும் அப்படியே. மலை முழுவதும் ஒரே அளவாக வீசிய பசளையில் செடி எடுத்தது போக மிஞ்சியது மழையோடு ஓடையில் இறங்குகிறது. ஹட்டன் பக்கத்து ஓடைகள் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பு மாநகரம் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். தேவையான இடத்தில் தேவையான அளவு மாத்திரம் இட உதவும் எந்தக் கருவியும் மேட்டிலுள்ளவருக்கும் பள்ளத்திலுள்ளவருக்கும் உபகாரம் செய்கிறது.

முன்னறிதல் என்பதும் நமக்குப் புதிதன்று. கொப்புள நோய் 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கியது. ஈரமும் மூடுபனியும் நீடிக்கும் நாள்களில் அது பரவும். ஆகவே வெயில் அடிக்கும் மணித்தியாலங்களைக் கணக்கிட்டு நோயின் வரவை முன்கூட்டியே அறியும் முறையை நம் நாட்டு ஆய்வாளர்கள் 1960களிலேயே வகுத்தனர். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் தலவாக்கலையில்தான் இயங்குகிறது. மேலிருந்து வந்த அறிவு சில வேளைகளில் மலையைக் காப்பாற்றியும் இருக்கிறது. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக் கூடாது என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் குடியேற்ற அரசுக்கு ஆலோசனை கூறினார். அவ்வாறு சொல்லியிராவிட்டால் ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடும் இன்று இந்நிலையில் இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே உயரத்திலிருந்து பார்ப்பதில் குற்றமில்லை. பார்த்ததை என்ன செய்கிறோம் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

கருவி நடுநிலையானது, பயன்படுத்துபவரின் மனந்தான் நல்லதாகவோ கெட்டதாகவோ இருக்கிறது என்று சொல்வோர் உண்டு. கத்தியால் பழமும் நறுக்கலாம், கழுத்தும் அறுக்கலாம் என்பது அவர்களது வழமையான உதாரணம். இந்த உதாரணம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. நான் கடைவீதியில் வளர்ந்தவன். என் தகப்பனாரின் பலசரக்குக் கடையில் ஒரு மேசைத் தராசு இருந்தது. அதன் முகப்புக்கு இரண்டு பக்கம். முள் நிற்கும் இடத்தைக் கடைக்காரரும் பார்க்கலாம், எதிரே நிற்பவரும் பார்க்கலாம். கடைக்காரர் யோக்கியரா இல்லையா என்பது வேறு விடயம். அந்தத் தராசு அவரது யோக்கியத்தை மாத்திரம் நம்பிச் செய்யப்படவில்லை. முள்ளைக் கடைக்காரர் பக்கம் மாத்திரம் வைத்து ஒரு தராசு செய்யப்பட்டால், அவர் எத்தனை நல்ல மனிதராயினும் அந்தத் தராசில் ஒரு குறை இருக்கிறது. அதைச் செய்தவரே அந்தக் குறையை அதில் வைத்துவிட்டார். கருவியின் நீதி பயன்படுத்துபவரின் மனதில் ஒரு பங்கும், அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் ஒரு பங்குமாக இருக்கிறது.

ட்ரோன் எடுக்கும் படமும் ஒரு தராசுதான். தோட்டத்தில் நித்தமும் நடக்கும் ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதை 1,750 ரூபாவாக்குவதாக அறிவித்தது. ஆனால், முழுப் பேர் விழ வேண்டுமாயின் நிர்ணயித்த கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும் என்பது பல தோட்டங்களின் நடைமுறை. 16, 18, 20 என அந்தக் கிலோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். குறைந்தால் அரைப் பேர். அதாவது அரைநாட் சம்பளம். "மலையில் கொழுந்தே இல்லையே ஐயா, எதைப் பறிப்பது?" என்பாள் பெண். "கொழுந்து இருந்தது, நீதான் பறிக்கவில்லை" என்பார் கணக்கப்பிள்ளை. இந்த வழக்கில் சாட்சி யாருமில்லை. எழுதுபவரின் சொல்லே நிற்கும்.

இனிச் சாட்சி இருக்கிறது. இன்ன மலையில் இன்று எவ்வளவு கொழுந்து நிற்கிறது என்று படம் ஏறக்குறையக் கணித்துச் சொல்லிவிடும். அந்தப் படத்தை நிர்வாகம் மாத்திரம் வைத்திருக்குமாயின் என்ன நடக்கும்? கொழுந்து மிகுந்த நாளில் கிலோவை உயர்த்த அது எடுத்துக் காட்டப்படும். கொழுந்து இல்லாத நாளில் மேசை இழாப்பில் உறங்கும். அதே படத்தை அந்தப் பெண்ணும் அழைக்கக் கூடிய சாட்சியாக்கினால், இந்தத் தோட்டங்களின் வரலாற்றில் முதற்தடவையாக அவளது சொல்லுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. ஒரே ட்ரோன், ஒரே கெமரா, ஒரே கணக்கு. முகம் திரும்பியிருக்கும் திசை மாத்திரமே வேறு. செயற்கை நுண்ணறிவைப் பற்றிய அறநெறிக் கேள்வி இவ்வளவு சிறிய இடத்தில், ஒரு அரைப் பேருக்குள், அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

வானிலிருந்து பார்ப்பதைப் பற்றிச் சொன்னேன். வானிலிருந்து தெளிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நமக்கு அருகே கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே கேரள அரசுக்குச் சொந்தமான பெருந்தோட்டக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை எண்டோசல்பான் என்னும் பூச்சிகொல்லியை ஹெலிகொப்டரிலிருந்து தெளித்தனர். தோட்டங்கள் குன்றுகளின் மேலே. வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் கீழே. ஊனத்தோடும் மூளைக் குறைபாட்டோடும் பிள்ளைகள் பிறப்பதை அவ்வூர்த் தாய்மார் கண்டு சொன்னார்கள். அதை ஏற்க ஆண்டுகள் பல சென்றன. 2011இல் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபா கொடுக்குமாறு 2017இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. விமானத்திலிருந்து மருந்து தெளிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் பணிப்புரையொன்றின் மூலம், சில விதிவிலக்குகளோடு, தடைசெய்திருக்கிறது.

இன்றைய ட்ரோன் அந்த ஹெலிகொப்டரைப் போன்றதன்று என்பதை ஏற்கிறேன். அது தாழப் பறக்கிறது, அளந்து தெளிக்கிறது, நலிந்த செடியை மாத்திரம் தேடிப் போகவும் வல்லது. ஆயினும் நம் மலைகளில் காற்று ஒரே திசையில் வீசுவதில்லை. தேயிலை முடியும் இடத்தில் லயம் தொடங்குகிறது. லயத்துக்கு வரும் பீலித் தண்ணீர் தேயிலைக்குள்ளிருந்துதான் வருகிறது. முதுகில் தாங்கி சுமந்தவரிடம், "தம்பி, இன்றைக்கு இந்தப் பக்கம் அடிக்காதே, பிள்ளைகள் குளிக்கிறார்கள்" என்று சொல்ல ஒரு தாய்க்கு இயலும். அவர் நின்று, கேட்டு, மறுபக்கம் போவார். வானத்தில் பறப்பதிடம் யார் சொல்வது? காசர்கோட்டில் மருந்து ஒரு பாதி கேடு செய்தது என்றால், கீழே நின்றவர்களின் குரல் மேலே எட்டாத தூரம் மறுபாதி கேட்டைச் செய்தது.

நல்ல நோக்கம் இருந்தால் இத்தகைய கேடுகள் நேராது என்று நினைப்பவர்களுக்கு 2021ஆம் ஆண்டை ஞாபகப்படுத்தலாம். நாடு முழுவதையும் சேதன விவசாயத்துக்கு மாற்றுவதாகச் சொல்லி அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் தடைசெய்தது. மண்ணைக் காப்பது, தண்ணீரைக் காப்பது, உடலைக் காப்பது என அதற்குச் சொன்ன காரணங்கள் யாவும் அழகானவை. நிலைபேறான விவசாயத்தின் சொற்களே அவை. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021இல் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடியும் இதில் சேர்ந்துகொண்டது என்பது உண்மை. எனினும் மண்ணில் நிற்பவர்களைக் கேளாமல் ஓர் உத்தரவு மேலிருந்து இறங்கும்போது அதன் நல்ல நோக்கம் யாரையும் காப்பாற்றுவதில்லை என்பதை அன்று கண்டோம். அந்த உத்தரவைப் பிறப்பிக்கச் செயற்கை நுண்ணறிவு தேவைப்படவில்லை. இனி அத்தகைய உத்தரவொன்று "கணினி சொல்கிறது" என்ற அதிகாரத்தோடு வருமாயின் அதை மறுத்துப் பேசுவது இன்னும் கடினமாகும். கணினி சொன்னதற்குப் பொறுப்பு யார் என்று கேட்டால் யாரும் முன்வரமாட்டார்கள். இயந்திரம் காணும், கணக்கிடும், பதில் சொல்லாது. பதில் சொல்வது மனிதரின் வேலை.

அறிவு பகிரப்பட்டால் மாத்திரம் போதுமா என்ற கேள்வியும் எழுகிறது. இதற்கு விடை மீரியபெத்தையில் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அருகேயுள்ள அத்தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்பது தெரியாத விடயமன்று. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அங்கிருந்து மக்களை அகற்றுமாறு எச்சரித்திருந்தது. ஆனால், போவதற்கு இடம்? லயத்தில் பிறந்தவருக்கு லயத்துக்கு வெளியே ஒரு பிடி மண் இல்லை. தோட்ட நிலம் 1972, 1975ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசுடைமையானது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. இந்த இரண்டு கைமாற்றங்களிலும் லயத்துக் குடும்பங்களின் பெயர் எந்த உறுதியிலும் ஏறவில்லை. "எழுந்து போங்கள்" என்ற எச்சரிக்கை, போக இடமுள்ளவருக்கு அறிவு. இடமற்றவருக்கு அது வெறும் பயம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது நாம் அதை மறுபடியும் கண்டோம். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் கண்டி, பதுளை, நுவரெலியா முதலிய மலைநாட்டு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். மண்சரிவு அபாய வலயங்களைக் காட்டும் வரைபடங்கள் இந்நாட்டில் முன்னரே இருந்தன. ட்ரோனும் செயற்கை நுண்ணறிவும் அவற்றை இன்னும் நுணுக்கமாக்கும். ஒவ்வொரு லயத்தின் பின்புறத்து வெடிப்பையும் கூட அவை காட்டக் கூடும். ஆகவே நிலவடிவமைப்பு என்ற சொல்லை நாம் விரித்துப் பொருள்கொள்ள வேண்டியுள்ளது. தேயிலைக்கு ஏற்ற சரிவு எது, கானுக்கு ஏற்ற கோடு எது என்று கேட்கும் அதே கணினியிடம், வீட்டுக்கு ஏற்ற தரை எது என்றும் கேட்கலாம். உறுதியான தரை எங்கே என்று அது காட்டிய பிறகு, அங்கே நல்ல கொழுந்து விளைகிறது என்ற காரணத்துக்காக அதைத் தேயிலைக்கு விட்டு, லயத்தைச் சரிவில் விடுவோமாயின் நமது அறிவு நமக்கு எதிரான சாட்சியாகிவிடும். அறியாமல் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கலாம். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்வதற்கு என்ன பெயர்? அறிவும் ஓர் அமானிதம். உரியவரிடம் ஒப்படைக்கும் வரை அது வைத்திருப்பவரின் தோளில் கனக்கும்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன். ஒன்று, ட்ரோனுக்கும் கணினிக்கும் செலவழித்தது கம்பனி. அது திரட்டிய தகவலை ஏன் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்பது. வியாபாரத் தகவல் கம்பனிக்குரியது என்பதை நானும் ஏற்பேன். ஏலத்தில் என்ன விலைக்குப் போகும், எந்த ரகத்தை எப்போது நடுவது என்பதெல்லாம் அவர்களது காரியம். ஆனால், ஒரு சரிவு உறுதியானதா, ஓர் ஓடையில் மருந்து கலக்கிறதா, ஒருவரது நாட்கூலி எந்தக் கணக்கில் வெட்டப்படுகிறது என்பவை சரக்குகளல்ல. அவை அங்கே வாழ்பவரின் உயிரும் உழைப்பும் பற்றிய செய்திகள். மருத்துவர் தம் காசில் கருவி வாங்கினார் என்பதற்காக நோயாளியின் நோயை நோயாளிக்கு மறைக்கலாமா?

மற்றது, படிப்பறிவு குறைந்தவர்களுக்கு அந்தப் படங்கள் விளங்குமா என்பது. ஆசிரியன் என்ற வகையில் இதற்கு என்னால் பதில் கூற முடியும். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்தவற்றுள் நான் இன்றும் பற்றிப் பிடித்திருப்பது ஒன்று: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையை அழைத்துச் செல். சமவுயரக் கோடுகளைப் படிப்பிக்கும்போது நான் புத்தகத்திலுள்ள மலையை விட்டுவிட்டு எங்கள் ஊர் மலையின் வரைபடத்தையே விரிப்பேன். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை என்று சொல்லிக் கொடுத்தால் போதும். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் லயத்தை விரலால் தொட்டுக் காட்டுவார்கள். ஒரு முறை மாணவியொருத்தி வரைபடத்தில் இல்லாத ஓர் ஓடையைப் பென்சிலால் வரைந்தாள். "இது மழைக்கு மட்டுந்தான் வரும் சேர், வெயிலுக்குக் காணாமல் போய்விடும்" என்றாள். நில அளவையாளர் வெயில் காலத்தில் வந்திருப்பார் போலும்.

அந்த ஓடையை ட்ரோனும் வெயில் நாளில் பறந்தால் காணாது. செயற்கை நுண்ணறிவு தானாக எதையும் அறிந்துவிடுவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது கொப்புள நோய், இது வறட்சி, இது வெறும் நிழல் என்று மனிதர் சொல்லிக் கொடுத்ததையே அது திருப்பிச் சொல்கிறது. அசாமின் சமவெளியிலோ ஜப்பானின் தோட்டங்களிலோ கற்ற பாடத்தை நம் சரிவில் அப்படியே ஒப்புவித்தால் பிழைக்கும். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்துப் பக்கம் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் விவசாயத்தைப் பற்றி 'கிதாபுல் பிலாஹா' என்னும் பெருநூலை எழுதினார். முன்னோர் பலரின் நூல்களிலிருந்து திரட்டிய அவர், தம் ஊர் நிலத்தில் தாமே செய்து பார்த்தவற்றையும் அவற்றோடு சேர்த்து எழுதினார். இயந்திரம் திரட்டித் தரும் அறிவுக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். கான் வெட்டிக் கை காய்த்த முதியவருக்கு எந்த மழைக்கு எந்த இடத்தில் மண் இளகும் என்று தெரியும். முப்பது வருடம் ஒரே மலையில் கொழுந்து பறித்தவளுக்கு எந்த நிரை எப்போது தளிர்க்கும் என்று தெரியும். அவர்களிடம் கேட்டுத் திருத்தப்படாத வரைபடம் அரைகுறையானது. ஆகவே அவர்களுக்குக் காட்டுவது நாம் அவர்களுக்குச் செய்யும் தயவு என்று எண்ண வேண்டியதில்லை. வரைபடத்துக்கே அது தேவை.

வேலை பறிபோகும் என்ற அச்சத்தை நான் மறந்துவிடவில்லை. 2023 மே மாதம் கென்யாவின் கெரிச்சோப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இயந்திரங்களுக்கு மக்கள் தீ வைத்தனர். இயந்திரத்தை எரிப்பதால் எதுவும் தீராது என்று சொல்வது நமக்கு இலகு. வேறெந்தக் கதவும் திறந்திராத இடத்தில்தான் தீ மூட்டப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு மாறான முயற்சியொன்றை இந்தியா தொடங்கியிருக்கிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தின்படி, 15,000 பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது என்றும், விலையில் 80 சதவீதத்தை, 8 இலட்சம் இந்திய ரூபா வரை, அரசு ஏற்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது. குழுவைச் சேர்ந்த பெண்ணொருத்தி பறக்கவிடப் பயில்கிறாள். அயல் விவசாயிகளுக்குக் கூலிக்குத் தெளித்துக் கொடுக்கிறாள். அத்திட்டத்துக்கும் குறைகள் இருக்கலாம். ஆனால், அதில் ஒரு வழி தெரிகிறது. அங்கே ட்ரோனைப் பார்த்து அண்ணாந்து நிற்பவளும் அதன் விசையைக் கையில் வைத்திருப்பவளும் ஒருத்தியே. நம் நாட்டின் தேயிலையில் பெரும்பகுதியைச் சிறு தோட்ட உரிமையாளர்களே உற்பத்தி செய்கிறார்கள். அவர்களது சங்கங்களால் இது இயலாததன்று. தோட்டத்து இளைஞர்களும் யுவதிகளும் கொழும்புக் கடைகளுக்குப் போய்க்கொண்டிருக்கும் இக்காலத்தில், தங்கள் மலையைத் தாங்களே படம் பிடித்துப் படிக்கும் தொழிலொன்று அவர்களுக்குக் கிடைக்குமாயின் சிலராவது தங்கக் கூடும்.

நான் கேட்பவை பெரிய விடயங்களல்ல. மலையின் படம் எடுக்கப்பட்டால் அதன் ஒரு பிரதி பிரட்டுக்களத்தில், தமிழில் விளக்கத்தோடு, ஒட்டப்பட வேண்டும். அந்த மலைக்கு அன்று நிர்ணயித்த கிலோவும் அதன் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். மறுத்துப் பேசுபவர் அதைச் சுட்டிக்காட்டிப் பேச உரிமை வேண்டும். மருந்து தெளிப்பதாயின் எந்த நாள், எந்த மருந்து, எந்த மலை என்பது முதல் நாளே லயங்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும். பீலிக்கு நீர் வரும் ஓடைகளைச் சுற்றித் தெளிக்காத எல்லை இருக்க வேண்டும். சரிவைப் பற்றிய கணிப்பு எதுவாயினும் அது முதலில் அச்சரிவில் உறங்குபவருக்குச் சொல்லப்பட வேண்டும். ஆபத்து என்று சொல்லும் ஒவ்வொரு தாளோடும், போவதற்கான நிலத்தின் உறுதியும் சேர்ந்து வர வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

தெரியாது என்று சொல்லித் தப்பிக்கொள்ளும் காலம் மலைநாட்டைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது. செடியின் வாட்டத்தைக் கண்ணுக்கு முன்னரே காணும் கருவி நம்மிடம் இருக்கிறது. அதே கருவி லயத்தின் பின்னால் மண் நகர்வதையும் காணும். கண்டதைக் கண்டவர்களுக்குள் வைத்துக்கொள்வதா, கீழே இருப்பவர்களோடு சேர்ந்து படிப்பதா என்பதை எந்தச் செயற்கை நுண்ணறிவும் நமக்காகத் தீர்மானிக்காது. தீர்மானிக்க நமக்கு அடுத்த பருவமழை வரைதான் அவகாசம்.